முகம் காத்தல்

என் தங்கைக்குப் பாடம் மண்டையில் ஏற வேண்டுமென்றால் உதாரணம் வேண்டும், அதுவும் வீட்டு உதாரணம். சமூகவியல் மேற்படிப்பு. என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கலைச்சொல்லாகச் சொல்லுவாள். நான் விளிம்பு மடித்துக்கொண்டே உதாரணம் சொல்ல வேண்டும். தகுதிநிலை என்றால், மாடிவீட்டுக்காரி கிழிந்த துணியைத் தைக்கக் கொடுக்கும்போதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பது. பங்கு முரண்பாடு என்றால், அவசரத் தையல் கையில் இருக்கையில் அடுப்பில் பால் பொங்குவது. கைதட்டிச் சிரிப்பாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்?

ஒரு மத்தியானம் 'முகம் காத்தல்' என்ற சொல்லில் முட்டிக்கொண்டு நின்றாள்.

"அடுத்தவங்க மானம் போயிடாம நாம நடந்துக்கிறது. புரியுது. உதாரணந்தான் வரமாட்டேங்குதுக்கா."

என் பாழாய்ப்போன வாய் சும்மா இருந்ததா? "உங்க மாமாவைப் பாரு" என்றேன்.

என் வீட்டுக்காரரைக் கம்பெனியில் ஆட்குறைப்பு என்று அனுப்பிவிட்டார்கள். அவர் என்னிடம் மூச்சு விடவில்லை. கூட வேலை பார்த்தவரின் மனைவி துணி தைக்க வந்த இடத்தில் உளறினாள். இவரோ தினமும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்புவார். சாயங்காலம் வந்து மேனேஜரைத் திட்டுவார். நானும் கூடச் சேர்ந்து, "அந்த ஆளு விளங்கவே மாட்டான்" என்பேன். வேறு வேலை கிடைத்ததும் அவரே சொல்லட்டும், அதுவரை என் முன்னால் அவர் தலைகுனியக் கூடாது. எனக்கு இருந்த ஒரே எண்ணம் அதுதான்.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சத்தியமா யார்கிட்டயும் சொல்லமாட்டேன்க்கா."

பிறகு அவள் கல்லூரியில் ஆய்வுரை வாசிக்கும் நாள் வந்தது. நான் மட்டும் போவதாக ஏற்பாடு. கிளம்பும் நேரத்தில் இவரும் செருப்பை மாட்டினார். "நம்ம வீட்டுப் பொண்ணு மேடையேறுது. லீவு போட்டுட்டேன்" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு.

இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தோம். தங்கை எங்களைப் பார்த்தாள். கையிலிருந்த தாள்களை ஒருமுறை புரட்டினாள். பிறகு வாசிக்க ஆரம்பித்தாள். வீட்டிலேயே தைக்கும் ஒரு பெண். வேலை போனதை அவளிடம் மறைக்கும் கணவர். தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கும் மனைவி. மேனேஜரை இருவரும் சேர்ந்து திட்டும் இடத்தில் பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். இவரும் கூடச் சிரித்தார். 'விளங்கவே மாட்டான்' என்று அவள் வாசித்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. பேராசிரியர் "அருமையான தரவு" என்று தட்டிக்கொடுத்தார்.

வாசலில் தங்கை ஓடிவந்தாள். "பேரைச் சொல்லலையேக்கா! மாமா வருவாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தே இல்ல? பாத்த பிறகாவது நிறுத்தியிருக்கலாமேடி!"

"நடுவுல நிறுத்தினா மார்க்கு போயிடும்க்கா."

"அடிப்பாவி! உன்னைத் தங்கச்சின்னு நினைச்சுத்தானே சொன்னேன்? உனக்கு நான் அக்காவா, தரவா?"

அவள் தரையைப் பார்த்தாள். மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசியிருந்தால் அறைந்திருப்பேன், நகர்ந்துவிட்டேன்.

இவர் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மொதல்லேர்ந்தே."

"அவகிட்ட சொல்லத் தெரிஞ்சுதில்ல?"

"உங்க முகம் வாடக்கூடாதுன்னுதாங்க..."

"வாடினா என்ன?" என்றார். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, வெயில்ல பார்க் பெஞ்சுல கெடந்திருக்க மாட்டேனே. வீட்ல உன் பக்கத்துல உக்காந்திருப்பேனே."