யாமினி ஜீப்புக் கதவைத் திறந்தாளா?

போடியில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்கு நான் முதல்முதலாகப் போனது சண்டை போடத்தான். அங்கே புடைக்கிற தூசியெல்லாம் என் வீட்டுக் கொடியில் காயும் துணியில்தான் வந்து படியும். டெலிபோன் எக்சேஞ்சில் முப்பத்தோரு வருஷம் அடுத்தவர் சண்டையைக் காதால் கேட்டே ஓய்வு பெற்றவள் நான். சொந்தமாக ஒன்று போட்டுப் பார்க்கலாமே என்று ஒரு ஆசை.

போன இடத்தில் முப்பது பெண்கள் தரையில் உட்கார்ந்து, சொளகில் ஏலக்காயைப் பரப்பி, வெடித்தது ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், நல்ல பச்சை ஒரு பக்கம் என்று பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். என் கைப்பையில் துருத்திக்கொண்டிருந்த நாவலைப் பார்த்து ரோஜா என்கிற பெண், "அது என்ன கதைக்கா, வாசிங்களேன்" என்றாள். சண்டை அத்தோடு போச்சு. ஆறு மாதமாகத் தினமும் பதினொரு மணிக்குப் போய் ஒரு மணி வரை வாசிக்கிறேன்.

நான் வாசிக்கிற நாவல் எல்லாம் ஒரே ரகம்தான். முதல் பக்கத்தில் அவனும் அவளும் ஒருத்தரை ஒருத்தர் கண்ணாலேயே எரிக்கணும். கடைசிப் பக்கத்தில் கடப்பாரை போட்டு நெம்பினாலும் பிரியக்கூடாது. நாயகன் ஆறடிக்குக் குறைந்து பிறந்ததே கிடையாது. கோபம் வந்தால் அவனுக்குத் தாடை இறுகும். ஒரு நாவலில் எண்ணிப் பார்த்தேன், நாலாயிரம் தடவை இறுகியது. பாவம், சோறு எப்படி மென்றானோ.

"கூட்டிச் சொல்றீக" என்பாள் சிலமலையிலிருந்து வேலைக்கு வரும் ஒச்சம்மாள். "மூவாயிரம் இருக்கும்."

ஒருநாள் ரோஜா கேட்டாள். "முட்டிக்கிட்டுத் திரியுறவக கதை நமக்கு ஏன்க்கா இம்புட்டுப் பிடிக்குது?"

நான் யோசிப்பதற்குள் ஒச்சம்மாள் குனிந்த தலை நிமிராமல் சொன்னாள். "பிடிச்சவனை எங்கிட்டுப் பாக்குறோம்? வந்தான், போனான், அம்புட்டுத்தேன். பிடிக்காதவன் என்ன சட்டை போட்டான், எப்பிடி இருமுனான், எல்லாம் மனப்பாடமா இருக்கும். இந்தா, நல்ல காயை அள்ளித்தான போடுறோம். குறை இருக்கதைத்தான் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாக்குறோம்."

எங்கள் சந்தோஷத்துக்கு இருந்த ஒரே எதிரி மேஸ்திரி ஜெபமணி. எடை போட்டு, மூட்டை கட்டி, சாக்கின் வாயைத் தைப்பது அவர் வேலை. நான் புத்தகத்தைத் திறந்ததும் கோணி ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு முறைப்பார். அந்த முறைப்பில் பச்சைக் காய் தானாகவே காய்ந்துவிடும்.

ஒரு வியாழக்கிழமை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். "யக்கா, நாளைக்குக் கொச்சிக்கு லோடு ஏத்துறோம். நீங்க வாசிக்கிற நேரத்துல ஒரு சாக்குல ஒரு தப்பு வந்தாலும், அன்னைக்கோட வாசிப்பு கட். முதலாளியும் சரின்னுட்டாரு."

வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை பிரிட்ஜு மட்டும்தான்; அதிலும் பேச்சு முழுக்க அதனுடையது. அந்த ரெண்டு மணி நேரம் போய்விட்டால் மிச்சம் இருபத்திரண்டு மணி நேரத்தை வைத்து நான் என்ன செய்வேன்?

வெள்ளிக்கிழமை ஒரு சப்பென்ற அத்தியாயமாக வாசித்துத் தப்பித்திருக்கலாம். ஆனால் கதை இருபத்தேழாம் அத்தியாயத்தில் நின்றது. ஏலத்தில் ஊர் பார்க்க நாயகி யாமினியின் சரக்கை மட்டம் என்று சொன்ன ஆதவன், இப்போது கொட்டுகிற மழையில் அவள் ஜீப்புக்கு வெளியே நிற்கிறான். புத்தகத்தில் அது தேயிலை. நான்தான் ஏலக்காய் ஆக்கினேன். போடிமெட்டுக்குப் போகிற பதினேழு கொண்டை ஊசி வளைவுகளும் என் கைச்சரக்கே. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு யானையையும் நிறுத்தி வைத்தேன்.

முப்பது ஜோடிக் கைகளில் ஒன்றுகூட நிற்கவில்லை. பெண்கள் அவ்வளவு உஷார். ஜெபமணி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாக்குத் தைத்தார்.

"'கதவைத் திற யாமினி. அன்னைக்கு நான் சொன்னது பொய்' என்றான் அவன். அவள் கை கதவின் பிடியைத் தொட்டது" என்று வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன். "மணி ஒண்ணு."

"அப்புறம்?" என்றது ஒரு ஆம்பிளைக் குரல்.

ஜெபமணிதான். கேட்டுக்கொண்டே எங்கள் பக்கம் ஓரடி எடுத்துவைத்தார். கால் வந்தது, கழுத்து வரவில்லை. கழுத்தில் கிடந்த துண்டின் முனையை ஐம்பது கிலோ மூட்டையின் வாயோடு சேர்த்துப் பதினெட்டுத் தையல் போட்டிருந்தார். என்ன நேர்த்தியான தையல் தெரியுமா.

அங்கே எழுந்த சிரிப்பு போடிமெட்டு வரை போய், கேரளாவை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றது. யார் செய்தாலும் தப்பு தப்புதானே. வாசிப்பு நேரம், சாக்கு, தப்பு, மூன்றும் இருக்கின்றன. ஜெபமணி குனிந்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தார்.

"சொன்னா சொன்னதுதான்" என்றார் கடைசியில். "முதலாளிட்டச் சொல்லணும்."

"சொல்லுங்கண்ணே" என்றாள் ஒச்சம்மாள். "யாரு தைச்சா, என்னத்தைத் தைச்சான்னு கேப்பாருல்ல?"

ஜெபமணி துண்டை உதறினார், மடித்தார், மறுபடியும் உதறினார். அப்புறம் என் பக்கம் பார்க்காமலேயே கேட்டார். "அந்தப் பிள்ள கதவைத் தொறந்துச்சா இல்லையா?"

"நாளைக்கு வாசிப்பு இருந்தா நாளைக்குத் தெரியும்" என்றேன், எக்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக் கொடுத்த அதே குரலில்.

"இந்தப் பொம்பளைககிட்ட மனுசன் சோலி பாக்க முடியாது" என்று முனகிக்கொண்டே போய்விட்டார்.

மறுநாள் பதினொரு மணிக்குப் போனேன். ஜெபமணியின் தராசும் முக்காலியும் சாக்குகளும் என் நாற்காலிக்கு இரண்டடி தள்ளி வந்து உட்கார்ந்திருந்தன.

"இங்கதான் வெளிச்சம் நல்லாருக்கு" என்றார் அவர், யாரும் கேட்காமலே. கிட்டங்கியின் ஒரே பல்பு எதிர்க் கோடியில் எரிந்துகொண்டிருந்தது. தோளில் துண்டைக் காணோம். "எனக்கு இந்தக் கதையெல்லாம் சுத்தமாப் பிடிக்காது. இப்பவே சொல்லிட்டேன்."

"மூணாம் அத்தியாயத்துல யாமினியும் இதையேதாண்ணே சொன்னா" என்றாள் ரோஜா.

ஜெபமணியின் தாடை இறுகியது.