பச்சை வாளியில் பினாயில்

அந்த அடுக்குமாடியில் குப்பை பிரிக்கத் தெரியாத ஒரே ஆள், மூன்றாம் மாடியில் இருந்த ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக்தான். முப்பது வருடம் கம்பிகளை நிறம் பார்த்துப் பிரித்தவருக்கு, பழத்தோல் பச்சை வாளிக்கு, பால் கவர் நீல வாளிக்கு என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லையாம். நம்பத்தான் வேண்டும்!

தப்பாகப் போட்ட வீட்டுக்கு மறுநாள், குடியிருப்போர் சங்கம் வேலைக்கு வைத்திருந்த டீச்சர் வருவாள். குப்பைக்குப் பாடம் எடுப்பதால் வந்த பட்டப்பெயர் அது. பட அட்டைகளைப் பரப்பிப் பத்து நிமிடம் விளக்குவாள். மெக்கானிக் திருதிருவென விழித்துச் சந்தேகம் கேட்பார். பத்து நிமிடம் அரை மணியாகும். மனைவி போய்ச்சேர்ந்து, மகனும் கடல் தாண்டிப் போனபின் அவர் வீட்டு மணியை அடிக்கிறவள் அவள் ஒருத்திதான். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிப்பவனை எழுப்ப முடியுமா?

“ஐயா, சின்னத் தப்புக்கெல்லாம் இனி நேர்ல போக வேணாம்னுட்டாங்க. சீட்டு எழுதிப் போட்டாப் போதுமாம்,” என்றாள் ஒருநாள்.

மெக்கானிக் யோசித்தார். அப்படியானால் பெரிய தப்பாகச் செய்ய வேண்டியதுதான். பச்சை வாளியில் இரண்டு பாட்டில் பினாயிலைக் கவிழ்த்தார். அந்த நெடிக்கே டீச்சரைக் கூப்பிடுவார்கள் என்பது அவர் கணக்கு. வாளி எடுக்க வந்தவருக்கோ ஜலதோஷம். அப்படியே கீழே, மக்கும் குப்பையிலிருந்து சமையல் வாயு எடுக்கும் தொட்டியில் கொட்டிவிட்டார்.

பினாயிலில் நுண்ணுயிர்கள் செத்து, தொட்டியில் வாயு ஊறுவது நின்றது. அதை நம்பியிருந்த குழந்தைகள் காப்பகத்தில் பால் காய்ச்ச அடுப்பு எரியவில்லை. சங்கத் தலைவர் கூட்டம் போட்டுக் குதித்தார்.

“ஆறு மாசமா என்னத்தம்மா சொல்லிக் குடுத்தே? நாளைலேர்ந்து வராதே!”

டீச்சர் அட்டைகளை மார்போடு அணைத்தபடி நின்றாள். மெக்கானிக் எழுந்தார்.

“அந்தம்மா மேல தப்பில்ல. பாடம் எனக்கு முதல் நாளே புரிஞ்சிடுச்சு. வேணும்னேதான் ஊத்தினேன்.”

“ஏன்யா?”

“சரியாப் போட்டா யாரும் வரமாட்டாங்களே.”

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். டீச்சர் அவரைப் பார்க்கவே இல்லை.

அவள் வேலை பிழைத்தது. தொட்டியைக் கழுவ இவரும் போய்ச் சேறு அள்ளினார். பக்கத்தில் நின்றவர்கள் நகர்ந்து போய் வேறு பக்கம் அள்ளினார்கள். அந்த மாதம் முழுக்க அவர் வாளிகளில் ஒரு பிழை இல்லை.

மாதக் கடைசியில் ஒரு காலை, வாசலில் பழகிய காலடிச் சத்தம். அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு கதவருகே ஓடினார். மணி அடிக்கவில்லை. கதவில் எதையோ அழுத்தித் தேய்க்கும் ஓசை கேட்டது. பிறகு காலடி படியிறங்கிப் போனது.

திறந்து பார்த்தார். பிழையில்லாத வீடுகளுக்கு ஒட்டும் பச்சைச் சீட்டு: ‘இங்கு வருகை தேவையில்லை.’