நிறுத்து என்றால் அடுத்து

என் தம்பிக்கு நேராகப் பேச வராது. "சாப்பிட்டியாடா" என்று கேட்டால் ஆமாம், இல்லை என்று சொல்லித் தொலைக்க மாட்டான். கையைக் காற்றில் வெட்டிக்கொண்டு, "சாப்பிட்டேன், தட்டையும் கழுவிட்டேன், நீ கேப்பேன்னு தெரிஞ்சுதான் முன்னாடியே முடிச்சிட்டேன்" என்பான். ஒரு பெண் குழந்தைக்கு அப்பன். ராப் பாடகனாம். புயல் என்று தனக்குத்தானே பேர் வேறு வைத்துக்கொண்டிருக்கிறான். காலையில் அவனைப் படுக்கையிலிருந்து கிளப்ப அவன் பெண்டாட்டி படுகிற பாட்டைப் பார்த்தவர்கள் அந்தப் பேரை வைத்திருக்க மாட்டார்கள்.

எங்கள் இருவருக்கும் ஒரே சலவை ஆலையில் வேலை. ஓட்டல், ஆஸ்பத்திரி விரிப்புகள் வண்டி வண்டியாக வரும். துவைத்துப் பிழிந்தபின் எங்கள் கூடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே சுவருக்குச் சுவர் அகலத்தில் ஒரு இஸ்திரி மெஷின். கொதிக்கிற உருளைகள் சுற்றிக்கொண்டே இருக்கும். இந்தப் பக்கம் தம்பி ஈர விரிப்பை உள்ளே விடுவான். அந்தப் பக்கம் காய்ந்து வருவதை மடிப்பக்கா வாங்கி மடிப்பாள். அவள் பேரே எங்களுக்கு மறந்துவிட்டது. மேற்பார்வை நான்.

உருளைக்கு முன்னால் ஒரு கம்பி உண்டு. கை லேசாக அதில் பட்டாலே மெஷின் நின்றுவிட வேண்டும். அது செத்துப்போய் வெகுநாள் ஆகிறது. மேனேஜரிடம் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணி வற்றியதுதான் மிச்சம். "சார், மெஷின நிறுத்துங்க, ஆள் வந்து கம்பியப் பாக்கட்டும்" என்பேன். அவர் தலையைக்கூடத் தூக்காமல், "சரிம்மா, அடுத்து?" என்பார். அடுத்த வண்டி, அடுத்த ஓட்டல், அடுத்த சுமை. அந்த மனுஷன் வாயில் வேறு வார்த்தை கிடையாது.

வேறு வழியில்லாமல் நாங்களே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மடிப்பக்காவின் தலைக்கு மேலே சுவரில் சிவப்புப் பொத்தான் இருக்கிறது. இந்தப் பக்கம் ஏதாவது ஆனால் நான் "நிறுத்து" என்று கத்துவேன், அவள் எட்டி அழுத்துவாள். அந்த இரைச்சலில் என் குரல்தான் கம்பி.

இதையெல்லாம் பாட்டாகக் கட்டப்போவதாகத் தம்பி சொன்னான். "ராப் எங்க பொறந்துச்சு தெரியுமாக்கா? சொன்னாக் கேக்க ஆளில்லாதவங்க தெருவுல பொறந்துச்சு. அவங்க மைக்க புடிச்சு தாளத்தோட சொன்னாங்க, உலகமே திரும்பிப் பாத்துச்சு."

"உலகம் பாக்கறது இருக்கட்டும். நீ கையப் பாத்து விடு."

அந்த நேரம் பார்த்து ஆபீஸில் யாருக்கோ ஞானம் பிறந்தது. பாதுகாப்பு வாரம் வருகிறது, இளைஞர்களுக்கு ராப்தான் பிடிக்கிறது, ஆகவே பாதுகாப்பைப் பற்றி ராப் போட்டி. கம்பியைச் சரி செய்ய ஆள் கிடைக்கவில்லை. ஸ்பீக்கர் கட்ட நாலு பேர் வந்தார்கள். எல்லோருக்கும் கறுப்புச் சட்டை கொடுத்தார்கள். ராப் பாடுகிறவர்கள் போடுகிற மாதிரி தொளதொளவென்று, கையை மூடி விரல்வரை தொங்கியது. நெஞ்சில் 'பாதுகாப்பே நம்ம ஸ்டைல்' என்று எழுத்து. மேனேஜர் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேடையில் தம்பி ஏறினான். கம்பியைப் பற்றித்தான் பாடப்போகிறான், வேலை போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். பயல் பாடியது என்ன தெரியுமா? கையுறை மாட்டு, சிரித்தபடி வேலை காட்டு. ஆபீஸில் எழுதிக் கொடுத்ததாம். அவனுடைய வரிகளை முன்கூட்டியே வாங்கிப் பார்த்து, "இது நெகட்டிவா இருக்கு தம்பி" என்று தள்ளிவிட்டார்களாம். அவன் இறங்கியபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பீட் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் விளையாட்டாக மைக்கை என் பக்கம் நீட்டினார். "மேடம், நீங்க ரெண்டு வரி?"

வாங்கிவிட்டேன். நான் பாடவில்லை. திட்டினேன். அந்தப் பாழாய்ப்போன தாளம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

"கம்பியத் தொட்டா நிக்கணும், நிக்குதா? கத்திக் கத்திச் சொல்றேனே, உறைக்குதா? வெந்து போனா விரல் திரும்ப முளைக்குதா? நிறுத்துன்னு நான் சொன்னா, அடுத்துங்கறீங்க. நிறுத்து, அடுத்து. நிறுத்து, அடுத்து. இதானே சார் நம்ம பொழப்பு?"

கூடமே அதிர்ந்தது. நான் "நிறுத்து" என்றால் மொத்தப் பேரும் "அடுத்து" என்றார்கள். நிஜமாகவே நிறுத்தச் சொல்லித்தான் கத்தினேன். கத்தக் கத்த அவர்களுக்கு உற்சாகம் ஏறியது. மேனேஜர் கண்ணில் தண்ணி வரச் சிரித்து, கைதட்டி, எனக்கே முதல் பரிசு கொடுத்தார். ஒரு தொப்பி.

"கம்பி, சார்?" என்றேன்.

"பிரமாதம்மா. என்ன ஃபீலிங்!" என்றார்.

மனுஷனுக்குக் காது இருக்கிறது, கேட்கிறது, தலைகூட ஆடுகிறது. உள்ளே மட்டும் ஒன்றும் இறங்கவில்லை. அன்று வீடியோ எடுத்ததை ஆலையின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டார்கள். மறுநாளிலிருந்து ஷிப்டு தொடங்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் என் குரல். கம்பி வேலை செய்யவில்லை என்று நானே தினமும் முழங்குகிறேன், அத்தனை பேரும் தலையாட்டிக்கொண்டே அதே மெஷினில் விரிப்பை விடுகிறார்கள். வண்டி தள்ளுகிறவன் என்னைப் பார்த்தால் "நிறுத்து" என்பான், துவைக்கிற இடத்திலிருந்து "அடுத்து" என்று குரல் வரும். மடிப்பக்காகூட முணுமுணுத்தாள்.

தம்பிக்குப் பெருமை தாங்கவில்லை. போட்டிக்குக் கொடுத்த சட்டையையே வேலைக்கும் போட்டுக்கொண்டு வந்தான். "உனக்கு ஃப்ளோ இருக்குக்கா."

"எனக்குக் கோவம்தான்டா இருக்கு. சட்டைக் கையை மடிச்சு விடு."

"ஸ்டைல் போயிரும்க்கா."

அன்று ஆஸ்பத்திரிச் சுமை. ஒரு விரிப்பின் முனை சுருட்டிக்கொண்டு போனது. தம்பி அதை இழுத்துவிடக் கையை நீட்டினான். தொங்கிய சட்டைக் கையை உருளை கவ்வியது. அவன் முழங்கை கம்பியில் இடித்ததை என் கண்ணால் பார்த்தேன். உருளை பாட்டுக்குச் சுற்றியது.

"நிறுத்து" என்று கத்தினேன்.

"அடுத்து" என்றது கூடம்.

மறுபடி கத்தினேன். மறுபடி, தாளம் தப்பாமல், சிரித்துக்கொண்டே, "அடுத்து." மடிப்பக்கா தலையாட்டியபடி மடித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் நடந்தது அவளுக்குத் தெரியாது. என் குரல் ஒன்றுதான் தெரியும், அதைத்தான் பாட்டாக்கிவிட்டோமே. மெஷினைச் சுற்றி ஓடினேன். அவளை இடித்துத் தள்ளிப் பொத்தானை அறைந்தேன்.

இரண்டு விரல். கருகின தோலை எடுத்துவிட்டார்கள். விரல் மிஞ்சும் என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரி வராந்தாவில் மேனேஜர் என்னிடம், "சட்டைக் கைய மடிச்சு விட்டிருக்கணும்மா, லூஸா இருந்தா ஆபத்துதானே" என்றார். யார் கொடுத்த சட்டை சார் என்று கேட்டேன். தம்பியின் பெண்டாட்டி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் வெறித்துப் பார்த்தாள்.

மறுநாள் வேலைக்குப் போனேன். மடிப்பக்கா அழுது வீங்கின முகத்தோடு தன் இடத்தில் நின்றாள். மணி அடித்தது. ஸ்பீக்கரில் பீட் எழுந்தது. எந்த மடையன் அதை அணைக்காமல் விட்டானோ, என் குரல் வந்தது. கம்பி, விரல், உறைக்குதா. பிறகு, "நிறுத்து."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஸ்பீக்கரில் மட்டும் பழைய கூட்டம் "அடுத்து" என்று கூவியது. மடிப்பக்கா கையை உயர்த்திச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். உருளை நின்றது. துவைக்கிற இடத்திலும் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். நான் யாருக்கும் எதுவும் சொல்லித் தரவில்லை.

மேனேஜர் ஓடி வந்தார். "என்னம்மா இது? வண்டி வெளிய வரிசையா நிக்குது."

"நிறுத்துன்னு சொல்றாங்க சார், கேக்கலியா?" என்றாள் மடிப்பக்கா.

மத்தியானத்துக்குள் மெக்கானிக் வந்துவிட்டார். உள்ளே ஒரு ஒயர் அறுந்திருந்தது. அவ்வளவுதான். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. இந்த ஒரு ஒயருக்கா இத்தனை பாட்டு என்று எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

உருளையைச் சுற்றவிட்டுக் கம்பியை விரலால் தொட்டேன். நின்றது. மறுபடி சுற்றவிட்டேன், தொட்டேன், நின்றது. மனம் ஆறவில்லை. இன்னொரு தடவை.

பின்னால் நின்ற மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரிம்மா, போதும். அடு..." என்று ஆரம்பித்தவர் வாயை மூடிக்கொண்டார்.

நான் மறுபடியும் கம்பியைத் தொட்டேன்.