ஒட்வாருக்குச் செத்தவீடு பழக்கிய கதை

“ஒரு கிழமை தாங்கோ. உந்த வெள்ளைக்கார ஒட்வாரை யாழ்ப்பாணத்துச் செத்தவீட்டிலை, எங்கடை பொம்பிளையள் வெட்கப்பட்டு வாயை மூடுற அளவுக்குக் குழறி அழப்பண்ணிக் காட்டுறன்!”

ஒஸ்லோவின் ட்வெய்ட்டாக் கடைத்தொகுதியில் ஞானரட்ணத்தார் இதைச் சொன்னபோது அருட்பிரகாசத்துக்குக் கோப்பி மூக்கால் வந்தது. ஞானரட்ணத்தாரின் புளுகு ஒஸ்லோ முழுக்கத் தெரிந்தது. குளிர்களஞ்சியத்தில் மீன்பெட்டி ஏற்றியிறக்கி இளைப்பாறியவர். தான் வேலையை விட்ட அன்று மீன்களெல்லாம் அழுததால்தான் அந்த வருடம் கடலில் உப்புக் கூடியதென்று சத்தியம் செய்வார். மற்றவர்கள் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். மினக்கெட்டு மறுக்கிறவன் அருட்பிரகாசம் ஒருவன்தான்.

“அண்ணை, அவன் தாயின்ரை செத்தவீட்டிலையே அழாதவன். நானும் போனனான். தேவாலய வாசல்லை நிண்டு எல்லாருக்கும் ‘வந்ததுக்கு நன்றி’ எண்டு கைகுடுத்துப்போட்டு, வந்த சனத்துக்குக் கேக் காணுமோ எண்டு பாத்துக்கொண்டு நிண்டவன். அவனையோ குழறப்பண்ணப் போறியள்?”

“தாய்க்கு அழப் பழக்க ஆளில்லை. இதுக்கு நான் இருக்கிறன்.”

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அருட்பிரகாசத்துக்குச் சிரிப்பு வரவில்லை. ஒட்வாரைச் சிநேகிதன் சின்னராசாவின் ஊரான கரவெட்டிக்குக் கூட்டிப்போக வேண்டியவன் அவன்தான்.

சின்னராசா செத்து நாலு வருடமாகியிருந்தது. அவனும் ஞானரட்ணத்தாரும் அருட்பிரகாசமும் ஒரே குளிர்களஞ்சியத்தில் வேலை செய்தவர்கள். ஒரு தைமாதக் காலை, வேலை முடிந்து பஸ் தரிப்பிடத்தில் குந்தியிருந்த சின்னராசா பிறகு எழும்பவில்லை. பின்னால் வந்த மேற்பார்வையாளர் ஒட்வார், நித்திரையென்று நினைத்துத் தோளில் தட்டியிருக்கிறார். அம்புலன்ஸ் வரும்வரை பனிக்குள் இருந்து அவனை மடியில் வைத்திருந்தவரும் அவர்தான்.

ஊரில் இருந்த மனைவி உதயகுமாரிக்குச் செய்தி சொன்னவன் அருட்பிரகாசம். அது சண்டைக்காலம். நெல்லியடியில் ஒரு கடைத் தொலைபேசிக்கு அவளை அழைப்பித்து, கரகரப்புக்கு நடுவே கத்திச் சொன்னான். அவள் நம்பவில்லை. நம்பவைக்கவென்று ஒரு படம் அனுப்பினார்கள். அந்தப் படம்தான் குடிகெடுத்தது. நோர்வே வழக்கப்படி சவத்துக்குப் பவுடர் பூசி, கோட்டும் கழுத்துப்பட்டியும் கட்டிக் கிடத்தியிருந்தார்கள். பெட்டியைக் கண்டால் பெண் தாங்கமாட்டாளென்று, படம் எடுத்தவன் பெட்டி தெரியாமல் முகத்தையும் நெஞ்சையும் மட்டும் கிட்டவாக எடுத்திருந்தான். படம் ஊரில் கைமாறிக் கைமாறி, கடைசியில் அது கலியாண உடுப்பென்று தீர்ப்பாயிற்று. ஆள் வெள்ளைக்காரியைக் கட்டிவிட்டான். செத்துவிட்டானென்று சொல்லச் சிநேகிதரைப் பிடித்திருக்கிறான்.

உதயகுமாரி அந்தக் கதையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கைவிட்டுப் போனவன் ஒருநாள் திரும்பலாம். செத்தவன் திரும்பமாட்டான். தாலியோடும் பொட்டோடும் இருந்தாள். அந்தியேட்டிக் கிரியை இல்லை, திவசம் இல்லை. ஊர் அவளை வாழாவெட்டி என்றது. அதையும் கேட்டுக்கொண்டு இருந்தாள்.

“சிநேகிதப் பெடியள் பொய் சொல்லுவினம்,” என்று அருட்பிரகாசத்திடம் சொல்லியிருந்தாள். “உயிர் போகேக்கை பக்கத்திலை நிண்ட ஆள் வந்து, என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லட்டும். நம்பிறன்.”

சண்டை ஓய்ந்து பாதை திறந்தபோது அருட்பிரகாசம் இதை ஒட்வாரிடம் சொன்னான். ஒட்வார் கையுறையைக் கழற்றி, திரும்பப் போட்டு, “என்னுடைய ஆட்களில் ஒருவன்,” என்றார். அடுத்த நாளே விடுமுறைக்குச் சொல்லிவிட்டார்.

ஊசி போடுமிடத்தில் தாதி மலேரியாக் குளிசை தந்தாள். கொதித்தாறிய தண்ணீர், நுளம்புவலை, நீட்டுக்கைச் சட்டை என்று வரிசையாகச் சொன்னாள். ஞானரட்ணத்தார் பக்கத்தில் இருந்து தலையாட்டிவிட்டு வெளியே வந்து சொன்னார்:

“உது உடம்புக்கு. மரியாதைக்கு ஊசி நான் போடுறன்.”

போட்டார். வெயில் பழகவென்று ஒட்வாரை நீச்சல் தடாகத்தில் சௌனா என்கிற வெக்கை அறைக்குள் கூட்டிப்போய், சோறும் மீன்குழம்பும் வலக்கையால் குழைத்துத் தின்னப் பழக்கினாராம். குழம்பு மணத்துக்கு அறைக்குள் இருந்த நோர்வேக்காரர் ஏழுபேர் நிர்வாணமாகவே வீதிக்கு ஓடினார்களாம். அருட்பிரகாசம் அதை நம்பவில்லை. ஆனால் வீட்டு ஒத்திகையை அவன் கண்ணாலேயே கண்டான்.

முதலில் சப்பாத்தைக் கழற்றுவது. பிறகு பாயில் குந்துவது. ஒட்வாரின் முழங்கால்கள் காய்ந்த விறகு முறிகிறமாதிரிச் சத்தம் போட்டு மடிந்தன. பெண்களுக்குக் கைகொடுக்கக்கூடாது, பூங்கொத்துக் கொண்டுபோகக்கூடாது, சிவப்புச் சட்டை கூடாது, கமராவைத் தொடவே கூடாது. கைம்பெண்ணாக நடிக்க ஆள் தேவைப்பட்டது. ஞானரட்ணத்தார் மனைவியைப் பார்த்தார்.

“உங்களுக்கென்ன விசரே?” என்று யோகராணி சீறினாள். “நீங்கள் குத்துக்கல்லுமாதிரி இருக்க நான் தாலியறுத்தவளாய் நடிக்கிறதோ? தரித்திரம் பிடிச்ச விளையாட்டு!”

ஆகவே ஞானரட்ணத்தாரே போர்வையால் முக்காடு போட்டு, மீசையோடு கைம்பெண்ணாகி, “ஐயோ என்ரை ராசா, என்னை விட்டிட்டுப் போட்டியே!” என்று நெஞ்சில் அடித்தார். மேல்மாடிக்காரர் நிலத்தை இடித்தார்கள். ஒட்வார் மரியாதையாக நேரத்தைப் பார்த்தார்.

“இப்ப நீ அழவேணும், ஒட்வார்!” என்றார் நோர்வே மொழியில்.

“எனக்கு வராது, ஞானா.”

“வரும். வராட்டில் பக்கத்திலை இருந்து ‘ஐயோ’ எண்டாவது சொல்லு.”

“அய்யு,” என்றார் ஒட்வார், பஸ்சில் பக்கத்து இருக்கை காலியா என்று கேட்கிற குரலில்.

அருட்பிரகாசம் எழுந்து யக்கெற்றைப் போட்டான். “அண்ணை, பகிடி காணும். அந்த மனிசி அங்கை உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு இருக்கிறாள்.”

முக்காட்டுக்குள் இருந்து ஞானரட்ணத்தார் அவனைப் பார்த்தார். “அதுக்குத்தானே மோனை பழக்கிறன். நீ போறதெண்டால் போ. இன்னும் பாடம் கிடக்கு.”

அருட்பிரகாசம் போய்விட்டான்.

ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனைச்சாவடிகளில் பையைத் திறந்து காட்டி, வான் வண்டியில் குலுங்கி, கூரையில்லாத வீடுகளையும் தலையில்லாத பனைகளையும் பார்த்துப் பார்த்து அவர்கள் கரவெட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒட்வார் அவித்த இறால் நிறத்தில் இருந்தார். வழியில் அருட்பிரகாசம் சொல்லவேண்டிய வசனத்தைச் சப்பிச் சப்பிப் பார்த்தான். ஒட்வார் சொல்வதை அப்படியே தமிழில் சொல்வது. அவ்வளவுதான் அவன் வேலை.

வீட்டு வேலியின் படலைக்குள் கால்வைத்ததும் வசனம் செத்துப்போயிற்று.

முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. உதயகுமாரி மாம்பழ நிறச் சேலையில், நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஓடிவந்தாள். குசினிக்குள் விளைமீன் பொரிகிற மணம்.

“வாங்கோ, வாங்கோ! அவரின்ரை பெரியவர் எங்கடை வீடு தேடி வந்திருக்கிறார். இருங்கோ ஐயா.” தேசிக்காய்த் தண்ணியை நீட்டினாள். “தம்பி, அவர் எப்ப வாறாராம்? பாதைதானே திறந்திட்டுது. நான் கோவிக்கமாட்டன் எண்டு சொல்லச்சொல்லுங்கோ. அங்கை பிள்ளையள் இருந்தாலும் கூட்டிக்கொண்டு வரட்டும்.”

அருட்பிரகாசம் ஒட்வாரைப் பார்த்தான்.

ஒட்வார் கதைக்கத் தொடங்கினார். நோர்வே மொழியில், மெதுவாக, அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். பஸ் தரிப்பிடம். பனி. தோளில் தட்டியது. சின்னராசாவின் கை எப்படிக் குளிர்ந்தது என்பது. சொல்லி முடித்து அருட்பிரகாசத்தைப் பார்த்தார்.

“என்னவாம் தம்பி?”

“அவர்... அவர் நல்ல வேலைக்காரன் எண்டு சொல்லுறார்,” என்றான் அருட்பிரகாசம். தன் குரலைத் தானே வெறுத்தான்.

அவள் பூரித்துப்போனாள். “அது எனக்குத் தெரியாதோ? ஐயா, ஒருவாய் சாப்பிட்டுத்தான் போகவேணும்.” உள்ளே ஓடினாள்.

ஒட்வாருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மரணச்செய்தி கேட்டவள் வாழையிலை வெட்ட ஓடமாட்டாள் என்பது தெரியாத மொழி உலகத்தில் இல்லை. அவர் அருட்பிரகாசத்தை ஒன்றும் கேட்கவில்லை. தேசிக்காய்த் தண்ணியைத் தொடாமல் ஓரமாக வைத்தார். கதிரையை விட்டு இறங்கி, முழங்கால் முறிய வெறுந்தரையில் குந்தினார். அவள் இலையோடு வந்தாள். அவர் தலையைக் குனிந்தார். அவள் சோறு போட்டாள், மீன் வைத்தாள், “சாப்பிடுங்கோ” என்றாள். அவர் இலையைத் தொடவில்லை. வெகுநேரம். மீனில் ஈ மொய்த்தது.

அவள் சிரிப்பு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. “காரமெண்டு பயமோ?”

ஒட்வார் எழும்பினார். அவளைப் பார்க்கவில்லை, கைகூப்பவில்லை, ஒரு சொல் சொல்லவில்லை. திரும்பிப் படலையை நோக்கி நடந்தார்.

உதயகுமாரி ஓடி முன்னால் வந்து மறித்தாள். “ஐயா, சொல்லிப்போட்டுப் போங்கோ. போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ!” ஒட்வார் விலகி நடந்தார். அவள் அருட்பிரகாசத்தின் சட்டையைப் பிடித்தாள். “தம்பி, நீயாவது சொல்லு! என்ரை வீட்டாலை ஏன் சொல்லாமல் போறியள்? இது என்ன வீடெண்டு நினைச்சியள்? போட்டு வாறன் எண்டு ஒருக்காச் சொல்லடா!”

அந்தச் சொல் அவன் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருப்பான். ஒட்வார் திரும்பி வந்து அவன் புயத்தை இறுக்கிப் பிடித்தார், எலும்பு நொந்தது. இருவரும் ஒன்றும் சொல்லாமல் நடந்தார்கள்.

பின்னால் இலை மிதிபட்டது. அதன்பின் வந்த சத்தத்தை அருட்பிரகாசம் அதற்குமுன் கேட்டதில்லை. நாலு வருடம் அடக்கி வைத்திருந்தது ஒரேயடியாக வெளியே வந்தது. வேலிக்கு மேலால் தலைகள் எழும்பின. பெண்கள் தலைமயிரை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

வேலியோரம் போய்ச் சேர்ந்த ஒட்வார் படலைக் கட்டையைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

மறுநாள் நெல்லியடியில் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து அருட்பிரகாசம் ஒஸ்லோவுக்கு எடுத்தான்.

“சொன்னனியளோ?” என்றார் ஞானரட்ணத்தார். குரலில் பகிடி இல்லை.

“நான் சொல்லேல்லை அண்ணை. எனக்கு வாய் வரேல்லை. அவன்தான்... செத்தவீட்டாலை போறமாதிரி, சாப்பிடாமல், சொல்லாமல் எழும்பிப் போனவன். ஆர் பழக்கினது அவனுக்கு?”

“நீ போனாப்பிறகு பழக்கினது. மனிசி?”

“பொட்டை அழிச்சிட்டாள். நாளைக்கு ஐயர் வாறார். என்னை முகம் குடுத்துப் பாக்கிறாளில்லை. ஒட்வாருக்குத்தான் கோப்பி குடுத்துவிட்டவள்.”

கிழவன் அங்கே மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, கேட்காமல் இருக்கமுடியாதவராய்:

“அருள்... அவன் அழுதவனோ?”

கிழவனின் புளுகைத் தோற்கடிக்க இல்லையென்று சொல்ல அருட்பிரகாசத்துக்கு ஆசையாய்த்தான் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே, நிழலில்லாத வீதியில், ஒட்வார் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“ஓம் அண்ணை. படலையைப் பிடிச்சுக்கொண்டு ‘அய்யு, அய்யு’ எண்டு குழறினவன். ஓடிவந்த பொம்பிளையள் தங்கடை அழுகையை நிப்பாட்டிப்போட்டு அவனைப் பாத்துக்கொண்டு நிண்டவை. நான் கண்ணாலை கண்டனான்.”