பிரிக்காத பொட்டலம்

தன் கையால் ஒரு தளத்தை எழுப்பி, அதன்மேல் நின்று நாலு திசையும் பார்ப்பவனே முழு மனிதன் என்பது பாதுகாப்பு அதிகாரியின் கொள்கை. முழு மனிதனாக அவருக்கு ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. அதில் நாலு, வளைந்த ஆணிகளைப் பிடுங்குவதிலேயே போயின.

தொழிற்சாலையில் அவர் வைத்ததுதான் சட்டம். ‘ஒரு போல்ட், ஓர் உயிர்’ என்று அவர் எழுதிய வாசகம்தான் நுழைவாயிலில் தொங்குகிறது. வீடோ சரிவில் இருந்தது. சமையலறைப் பின்கதவைத் திறந்தால் பத்தடிப் பள்ளம். அதன்மேல்தான் மரத்தளம். மனைவியின் அண்ணன் தச்சர். ஒத்தாசைக்கு வருகிறேன் என்றவரை, “வீடியோ பாத்தே எல்லாம் படிச்சுட்டேன் மச்சான், நீங்க சாப்பிட மட்டும் வாங்க” என்று தடுத்துவிட்டார்.

இன்று திறப்பு விழா. தளத்தில் பதினொரு பேர்: மனைவி, மச்சான், நாற்காலியில் மாமியார், அதிகாரிக்குக் கீழே வேலை பார்க்கும் நால்வர், அவர்களின் மனைவிமார்.

கைப்பிடியில் கட்டிய சிவப்பு நாடாவை வெட்டக் கத்தரிக்கோல் தேடி, சமையலறை இழுப்பறையை இழுத்தார். உள்ளே ஒரு பொட்டலம், பிரிக்காமல். பன்னிரண்டு போல்ட். சுவரோடு தளத்தின் விட்டத்தை இறுக்க வேண்டிய அதே பன்னிரண்டு.

மழை வந்த அன்று, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நாலு ஆணி அடித்து வைத்தது நினைவுக்கு வந்தது. அந்த ‘நாளை’ வரவே இல்லை.

“என்னங்க, போட்டோ எடுக்கணும், வாங்க!” என்றாள் மனைவி.

பொட்டலத்தோடு ஒரு காலை வெளியே வைத்தார். பலகை கிரீச்சிட்டது. வாசற்படிக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. இன்று காலை அங்கே நகம்கூட நுழைந்திருக்காது.

உண்மையைச் சொல்லலாம். ஆனால் நாளைக்கு எந்த முகத்தோடு தலைக்கவசம் போடாதவனைத் திட்டுவது?

“பாம்பு! தளத்துக்குக் கீழ பாம்பு! எல்லாரும் உள்ள வாங்க!”

ஒருவரும் உள்ளே வரவில்லை. பாம்பைப் பார்க்க மாமியார் தவிர அத்தனை பேரும் கைப்பிடிப் பக்கம் ஓடினார்கள்.

“எங்க சார்? எவ்ளோ நீளம்?”

“டேய், என்னைக் கொஞ்சம் தூக்கி விடுடா, எனக்கும் பாக்கணும்” என்றார் மாமியார்.

தளம் பள்ளத்தின் பக்கம் சாய்ந்து முனகியது. விரல் இடைவெளி கையளவு ஆனது. ஓர் ஆணி சுவரை விட்டுக் கழன்று கீழே பாறையில் ‘டிங்’ என்று விழுந்தது. அந்தச் சத்தத்துக்குத் திரும்பியவர் மச்சான் ஒருவர்தான்.

“மாப்பிள்ளை... போல்ட் போட்டீங்களா?”

இரண்டாவது ஆணியும் விழுந்தது.

“போடல மச்சான்! பன்னண்டும் என் கையிலதான் இருக்கு!”

மச்சான் கத்தவில்லை. “யாரும் ஓடாதீங்க. அடி மேல அடி வச்சு, ஒவ்வொருத்தரா உள்ள போங்க. அம்மா, நீ முதல்ல.”

பூனை நடை நடந்து வந்தார்கள். மூச்சு விடுவதற்குக்கூட அதிகாரிக்குப் பயமாக இருந்தது. கடைசியாக மனைவி வந்தாள், அவள் பின்னால் மச்சான். தளம் அந்தரத்தில் ஆடி நின்றது.

சமையலறையில் மாமியார் தண்ணீர் குடித்துவிட்டு, “பாம்பு பெருசா மாப்பிள்ளை?” என்றார்.

மனைவி கணவரின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒரு கால வெளிய வச்சீங்களே, அத எப்ப உள்ள எடுத்தீங்க?”

பலகை கிரீச்சிட்டதுமே எடுத்துவிட்டார். பாம்பு என்று கத்தியது அதற்குப் பிறகுதான்.