ஆணி அடிக்காத வீடு

பெட்டிகளை நகர்த்தினால்தான் அம்மாவைப் படுக்கவைக்க இடம் கிடைக்கும் என்பது, ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி கிளம்பிவிட்டதாக அண்ணன் போன் செய்த பிறகுதான் மகளுக்கு உறைத்தது. கூடத்தில் பாதியை அட்டைப் பெட்டிகள் அடைத்துக்கொண்டிருந்தன. குடிவந்த அன்று எப்படி அடுக்கினார்களோ அப்படியே, ஒட்டிய டேப்பைக்கூடப் பிரிக்காமல் கிடந்தன. அவள் பள்ளி வேன் ஓட்டுகிறவள். கனமெல்லாம் அவளுக்குப் பெரிய விஷயம் இல்லை. ஒவ்வொன்றாகப் படுக்கையறைக்குத் தள்ளினாள். ஒரு பெட்டிக்குள் ஏதோ கலகலத்தது. அம்மாவின் நல்ல கோப்பைகள். விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று பழைய வீட்டிலேயே பொத்திப் பொத்தி வைத்தவை.

அவளோடு வேனில் முன்னால் வந்துவிட்ட அப்பா, ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அதை நிமித்தி வை. மேல எது, கீழ எதுன்னு அம்பு போட்டிருக்கேன் பாரு" என்றார்.

மோட்டார் உதிரிபாகக் கிடங்கில் ஆயுசு முழுக்க ஸ்டோர் கீப்பராக இருந்த மனிதர். காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி அப்படியே சரிந்து, ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள் போயே போய்விட்டாள். இவர் என்னடாவென்றால் அம்புக்குறி பார்க்கிறார். மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டிருப்பதைப் பார்த்தாள். "சரிப்பா" என்று பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

கடைசிப் பெட்டிக்குப் பின்னால், சுவரோரம், மரச்சட்டம் போட்ட முகம் பார்க்கும் கண்ணாடி சாத்தியிருந்தது. போர்வையில் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. முடிச்சு அப்பா போட்டது. அவர் போட்ட முடிச்சை அவர் நினைத்தாலும் அவிழ்க்க முடியாது. அவள் அதை அப்படியே விட்டுவிட்டாள்.

இந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்ததே ஆடிட்டரின் யோசனை. எந்தக் காலத்திலோ வாங்கி, யார் யாருக்கோ வாடகைக்கு விட்டிருந்த வீடு. இப்போது விலை எங்கேயோ போய்விட்டது. இதை விற்றுப் பிள்ளைகளுக்கு ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, தரைத்தளத்தில், நாலு செடி வைக்க மண் இருக்கிற சின்ன வீடாகப் பார்த்துப் போய்விடலாம் என்பது அப்பாவின் திட்டம். செடி அம்மாவுக்காக. அப்பாவுக்குக் கத்தரிக்கும் தக்காளிக்கும் வித்தியாசம் சமைத்தால்தான் தெரியும்.

"இப்படியே வித்தீங்கன்னா லாபத்துல பெரிய துண்டு வரியா போயிடும் சார்" என்றார் ஆடிட்டர். "வாடகைக்கு விட்ட வீட்டுக்கு ஒரு சட்டம், நாமளே குடியிருந்த வீட்டுக்கு ஒரு சட்டம். இப்ப இருக்கற வீட்டை வித்துடுங்க, அதுக்கு வரி கிடையாது. பேசாம இங்க வந்து கொஞ்ச வருஷம் இருங்க. அப்புறம் வித்தா வரி பாதியாக் குறையும். ஆனா நிஜமாவே குடியிருக்கணும். கரண்ட் பில் உங்க பேர்ல வரணும். அக்கம்பக்கத்துல விசாரிச்சா உங்களைத் தெரியணும்."

அப்பாவும் அண்ணனும் தலையைத் தலையை ஆட்டினார்கள். "அங்க துணி காயப்போட வெயில் வருமா?" என்று அம்மா கேட்டாள். யாரும் பதில் சொன்னதாக மகளுக்கு ஞாபகம் இல்லை.

வந்த அன்றே அப்பா சட்டம் போட்டுவிட்டார். வாடகைக்கு இருந்தவர்கள் அடித்த ஆணிகளையெல்லாம் பிடுங்கி, ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, வெள்ளையும் அடித்திருந்தார். "விக்கப்போற வீடு. ஓட்டையப் பாத்தா வாங்க வர்றவன் விலைய இறக்குவான். ஒரு ஆணி கூடாது."

"கண்ணாடிய மட்டுமாவது மாட்டிக் குடுங்களேன்" என்றாள் அம்மா.

"கொஞ்ச நாள்தானே குள்ளச்சி. பொறுத்துக்கோ."

"நெட்டைக்கொக்கு சொன்னா சரிதான்" என்று அம்மா போய்விட்டாள். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

வண்டி வந்தது. அம்மாவைக் கூடத்தில், பெட்டிகள் இருந்த இடத்தில் கிடத்தினார்கள். சுவரில் கடிகாரம் இல்லை, படம் இல்லை, காலண்டர்கூட இல்லை. யாரோ காலி செய்துவிட்டுப் போன வீட்டில் அம்மாவைக் கொண்டுவந்து போட்டதுபோல இருந்தது மகளுக்கு. இந்த ஊரில் நமக்கு யார் வரப்போகிறார்கள், நாற்காலி வாடகைக்கு எடுக்க வேண்டாம் என்று அண்ணன் சொல்லியிருந்தான்.

ஆனால் வந்தார்கள். துணி தேய்க்கிறவர் வந்து வாசலிலேயே நின்று தேம்பினார். மேல்வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு வந்தாள். கீழே காய் விற்கிற அம்மாள் கடையைப் போட்டது போட்டபடி ஏறி வந்தாள். படிக்கட்டில் நிற்க இடமில்லை. இவர்களில் ஒருவரைக்கூட மகளுக்குத் தெரியாது. கரண்ட் பில்லையும் தபாலையும் அப்பா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், அக்கம்பக்கத்தை அம்மா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

எதிர்வீட்டுப் பெண் வந்து அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். வீட்டிலேயே கேக் போட்டு விற்கிறவள். கையில் ஒரு சீப்பு. அது அம்மாவுடையது என்று மகள் பார்த்ததுமே கண்டுகொண்டாள்.

"நான் வாரிவிடட்டுமா? கலைஞ்சிருந்தா அக்காவுக்குப் பிடிக்காது."

"இந்த சீப்பு உங்ககிட்ட எப்படி…"

"தினம் காலைல எங்க வீட்டுக்குத்தான் வருவாங்க, தலை வார. எங்க வீட்டுக் கண்ணாடி உயரத்துல இருந்துச்சா, பாவம், எக்கி எக்கிப் பாப்பாங்க. அப்புறம் எங்க வீட்டுக்காரர் அக்காவுக்குன்னே கீழ ஒரு ஆணி அடிச்சு, சின்னதா ஒண்ணு மாட்டிவிட்டார். சீப்பையும் அங்கயே வெச்சிட்டாங்க."

மகள் அம்மாவின் தலையை மெல்லத் தூக்கிப் பிடித்தாள்.

"வீட்டுல கண்ணாடி இல்லையாக்கான்னு ஒருநாள் கேட்டேன். இருக்குடி, பழைய வீட்டுலேருந்து இன்னும் வந்துக்கிட்டே இருக்குன்னு சொல்லிச் சிரிச்சாங்க." அவள் சிக்கை மெதுவாக எடுத்தாள். அம்மாவுக்கு வலிக்கும் என்பதைப் போல அடிமுடியைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள்.

அப்பா இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். அவர் எழுந்து குளியலறைக்குப் போனார். குழாயைத் திறந்துவிடுகிற சத்தம் கேட்டது. அம்மாவை எடுக்கிற நேரம் வரும்வரை அவர் வெளியே வரவில்லை.

எல்லாம் முடித்துவிட்டுத் திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. ஆடிட்டரும் கூடவே வந்திருந்தார். நல்ல மனிதர்தான், அழுதுகூட இருந்தார். போகும்போது அண்ணனைப் படிக்கட்டில் நிறுத்தி வைத்து ஏதோ சொன்னார். அண்ணன் சமையலறைக்கு வந்து தங்கையின் பக்கத்தில் நின்றான்.

"அப்பாவ இன்னைக்கே என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு நினைச்சேன்."

"கூட்டிட்டுப் போயேன்."

"இல்ல… இப்ப கிளம்பிட்டா குடியிருந்த கணக்கு விட்டுப்போயிடுமாம். முழு வரியும் தலையில விழும். இன்னும் கொஞ்ச மாசம்தான். நாம மாத்தி மாத்தி வந்து பாத்துக்கலாம். அம்மா இருந்ததும் கணக்குல சேருமாம், அதுல ஒண்ணும் பிரச்சினை இல்லையாம்."

"அம்மா இங்க இருந்தாளா அண்ணா? முகத்தைப் பாக்க அடுத்த வீட்டுக்குப் போயிருக்கா."

"மெதுவாப் பேசு."

"வரிக்காக அவரைத் தனியா விட்டுட்டுப் போகச் சொல்றே."

"சட்டத்த நானா போட்டேன்?" என்றவன், பாத்திரம் துடைக்கிற துணியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. காலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் வண்டிக்கும் ஓடியவன், அழ நேரம் கிடைக்காதவன். அவள் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அழுக்குத் துணியென்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை.

பிறகு கூடத்துக்குப் போனாள். "அப்பா, என்கூட வாங்க. வரி போனாப் போகுது."

"நான் எங்கயும் வரல."

பின்னால் வந்த அண்ணனுக்கு மூச்சு வந்தது. "அதுவும் சரிதான்ப்பா. கணக்கு முடியறவரைக்கும் இங்க இருந்துட்டு, அப்புறம் வித்துட்டு…"

அப்பா அவனைப் பார்க்கவில்லை. "சுத்தியல் எந்தப் பெட்டில இருக்குன்னு தெரியுமா? டேப்பு மேல சிவப்புக் கோடு போட்டிருக்கும். ஆணியும் அதுலதான்."

மகள் போய் எடுத்துவந்தாள். அவர் கண்ணாடிக்கு முன்னால் மண்டியிட்டு முடிச்சைப் பிரிக்கப் பார்த்தார். நகத்தால் நெம்பினார், பல்லால் இழுத்தார். ஒரு சாண் சணலைக்கூட வீணாக்காதவர், கடைசியில் கத்தி கேட்டு வாங்கி அறுத்துப் போட்டார்.

"அப்பா, சுவத்துல ஓட்டை விழும்" என்றான் அண்ணன். சொன்ன பிறகுதான் அது யார் சொல்கிற வார்த்தை என்று அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

"விழட்டும்" என்றார் அப்பா.

பென்சிலை எடுத்துக்கொண்டு சுவரை ஒட்டி நின்றார். சட்டையின் இரண்டாவது பொத்தானில் கையை வைத்து, அதே மட்டத்துக்குச் சுவரில் ஒரு சின்னக் கோடு இழுத்தார்.

"ரொம்பக் கீழ இருக்கேப்பா. அளந்து பாக்க வேண்டாமா?"

"வேண்டாம். இவ்வளவுதான் வருவா."

கோட்டுக்கு மேலே கண்ணாடியின் பாதி உயரத்தைக் கையால் அளந்துகொண்டு ஆணியை வைத்தார். முதல் அடி நழுவி விரலில் பட்டது. உதறிக்கொண்டு மறுபடி அடித்தார். வெள்ளையும் பட்டியும் பொலபொலவென்று உதிர்ந்தன. சத்தம் கேட்டு எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அந்தப் பெண் வாசல்வரை வந்து, பார்த்து, சீப்பை மகளின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

கண்ணாடியை மாட்டிவிட்டு அப்பா தள்ளி நின்றார். அதில் அவருடைய சட்டை தெரிந்தது, இரண்டு பொத்தான்களும் சுத்தியல் பிடித்த கையும் தெரிந்தன. முகம் தெரியவில்லை. அது சட்டத்துக்கு மேலே, வெறும் சுவருக்கு நேராக இருந்தது.

அவர் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு முழங்காலை மெல்ல மடித்தார். முகம் தெரிகிற அளவுக்கு இறங்கி, அப்படியே நின்றார்.