பழைய தண்ணீர்

பதினோரு வருஷமாக ஆய்வகத்தில் எனக்கு ஒரே வேலை. கிண்ணங்களில் வளரும் செல்களுக்கு இரண்டு நாளைக்கு ஒரு முறை பழைய தண்ணீரை உறிஞ்சிக் கொட்டிவிட்டுப் புதியது ஊற்றுவேன். மீன் தொட்டிக்கு மாற்றுவது போலத்தான். மீனாவது ஒரு பார்வை பார்க்கும்.

அக்காவின் மார்பிலிருந்து கட்டியை எடுத்தபோது, அதில் ஒரு துண்டை எங்கள் ஆராய்ச்சிக்குத் தரக் கையெழுத்துப் போட்டாள். "குப்பைக்குப் போறது உன் கைக்கு வரட்டுமே" என்றாள். உடுப்பு, புத்தகம், சைக்கிள் என்று தன் பழசையெல்லாம் என் தலையில் கட்டியே பழகியவள்.

ஆய்வகத் தலைவியான மேடம் திங்கட்கிழமை விளக்கினார். கட்டி வளர இரத்தம் வேண்டும். அதனால் அது சில புரதங்களைச் சுரந்து வெளியே விடும். அந்த வாடை பட்டதும் பக்கத்து இரத்தக் குழாய்கள் கிளைவிட்டு அதை நோக்கி வரும். எந்தப் புரதம் கூப்பிடுகிறது என்று தெரிந்தால் அதன் வாயைக் கட்டலாம்.

"புரதமெல்லாம் செல் ஊறின தண்ணியிலதான் இருக்கும். நமக்கு அந்தப் பழைய தண்ணிதான் வேணும். இந்தச் செல் நாலு நாள்தான் தாங்கும், ஒரே வாய்ப்பு" என்றார். நானும் பெரிதாகத் தலையாட்டினேன்.

வியாழக்கிழமை காலை, அக்காவின் செல்கள் இருந்த ஒன்பது கிண்ணங்களிலும் பழைய தண்ணீரை உறிஞ்சிக் கொட்டிவிட்டுப் புதியது ஊற்றினேன். கடைசிக் கிண்ணத்தை மூடும்போதுதான் உறைத்தது. கழிவுப் புட்டியில் ஏற்கெனவே ப்ளீச் இருந்தது. அதில் எந்தப் புரதமும் பிழைக்காது.

மேடம் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பதினோரு வருஷம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை. வெள்ளிக்கிழமை செல்களும் செத்துப்போயின.

அக்காவிடம் மூடி மறைக்கலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் என்ன தெரிந்தது, என்ன தெரிந்தது என்று தினமும் போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"கொட்டிட்டேன்க்கா. கை பழக்கத்துல."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவள் தலையணை உறையை நான்காக மடித்து அடுக்கின் மேல் வைத்தாள்.

"சரி விடு. கல்லீரல்ல ஒண்ணு வந்திருக்காம். நேத்துதான் சொன்னாங்க. ஊசி விட்டு எடுத்துப் பாக்கப்போறாங்க. உனக்கும் கொஞ்சம் கேட்டிருக்கேன்."

எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் சத்தமாகவே அழுதேன். "துணி நனையுது பாரு" என்று என் கையிலிருந்த சட்டையை வாங்கி, அக்கா அதைக் கொடியில் போட்டாள்.